ஐந்தாம் பலகை

காலையில் எழுந்ததும் பல் துலக்குகிறேன். அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். அது கொதிப்பதற்குள் ஒரு சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். காலரில் தொடங்கிக் கையில் முடிப்பேன். பிறகு பால்கனிக் கதவைத் திறந்து எதிர்மாடியில் கட்டியிருக்கும் துணிக்கொடியைப் பார்க்கிறேன். துணி தொங்கினால் காற்று இல்லை. ஆடினால் காற்று உண்டு. விறைத்து நீட்டிக்கொண்டு நின்றால் பலத்த காற்று. பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். தேநீர் குடிக்கிறேன்.

கொடியைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் அலுவலகம் இந்தக் கரையில், நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஏரியைக் கடக்க வேண்டியிருந்தவள் என் மனைவி. அக்கரைக் கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்ப்பது அவள் வேலை. "இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா?" என்று நாள் முழுக்க ஊரார் கண்களைக் கேட்டுவிட்டு வந்து வீட்டிலும் அதையே கேட்பாள். சட்டை எடுக்கப் போனாலும் அதே கேள்விதான். காற்றைப் பார்த்துச் சொல்வது என் காலை வேலையாக இருந்தது. அவள் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. வேலை மட்டும் நிற்கவில்லை.

வீட்டில் இப்போது அத்தை இருக்கிறார். அவளுடைய அம்மா. துக்கத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. ஒருநாள் அவருடைய தையல் மெஷின் வந்து இறங்கியது. அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று அவர் தைக்கிறார் என்று நினைக்கிறேன். அதற்காக அவருக்கு நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நான் வேலை பார்ப்பது அகராதி அலுவலகத்தில். இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். பெண் பார்க்கப் போன அன்றே அவளுடைய சித்தப்பா, "மாப்பிள்ளை அகராதி புடிச்சவரா, அகராதியில வேலை பாக்குறவரா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்று அவள் பின்னாளில் தீர்ப்புச் சொன்னாள்.

அலுவலகம் இரண்டு அறை. ஒன்றில் நாங்கள் நான்கு பேர். மற்றதில் தலைமைப் பதிப்பாசிரியர். எதைச் சொன்னாலும் "அவ்வளவுதான்" என்று முடிப்பார் என்பதால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். எங்கள் வேலை, பேச்சில் மட்டும் இருந்து எழுத்தில் ஏறாத சொற்களைச் சேர்ப்பது. சொல்லுக்குக் கீழே, அதை முதலில் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயரைச் சிறிய எழுத்தில் அச்சிடுவோம். சம்பளம் வாங்கும் எங்களுக்கு அந்த மரியாதை கிடையாது. வெளியாட்களுக்கு மட்டும்.

அவள் ஒரே ஒரு சொல் கொண்டுவந்தாள். துழாவி.

ஏரியில் இயந்திரப் படகும் உண்டு. ஆனால் ஆகாயத்தாமரை மண்டிவிட்டால் அதன் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பாதி நாள் ஓடாது. சாலை வழியே சுற்றிப் போனால் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் நோயாளிகள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதனால் அவள் துடுப்புப் படகில்தான் போவாள். முதல் வாரம் முழுக்க அவளுக்குத் தலைசுற்றல். படகின் பின்னால் உட்கார்ந்து திசை பிடிக்கும் அண்ணன்தான் வழி சொன்னாராம். சும்மா உட்கார்ந்தால்தான் சுற்றும், கையில் வேலை இருந்தால் சுற்றாது என்று ஒரு துடுப்பை எடுத்து நீட்டியிருக்கிறார். சுற்றல் நின்றுவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் என்னிடம் அறிவித்தாள்.

"ஏங்க, இன்னிலேந்து நான் துழாவி. கொஞ்சம் மரியாதையா பேசணும்."

அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டேன். துடுப்புப் போடுபவர்களைப் படகில் அப்படிச் சொல்கிறார்கள் என்றாள். கை கழுவிவிட்டுச் சீட்டில் எழுதினேன். துழாவி, பெயர்ச்சொல், படகில் துடுப்புப் போடும் தொழிலாளி. அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். தொழிலாளி என்றால் ஏழு பேர்தான், எட்டாவது ஆளாக உட்காரும் தன்னை எங்கே வைப்பது என்று கேட்டாள். ஒருவேளை உன்னை அன்பாக அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்றேன். அவள் கரண்டியை மேசையில் வைத்தாள்.

"அன்பெல்லாம் இல்ல. கரையில எறங்கினா நான் கண்ணாடிக்காரம்மா. அவங்களும் கரையில துழாவி கெடையாது. நாளைக்கு வந்து கேட்டுப் பாருங்க."

நாளைக்கு நான் போகவில்லை. போகலாம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சீட்டு என் மேசையில் இருந்தது. பிறகு அவள் இறந்தாள்.

மீண்டும் வேலைக்குப் போன முதல் நாள் முற்றுப்புள்ளி என்னைக் கூப்பிட்டார். 'து' எழுத்துப் பக்கங்கள் அச்சுக்குப் போக இருந்தன. அவள் கொடுத்த சொல் அதில் இல்லை. எங்கள் விதிப்படி இருக்க முடியாது. பேச்சுச் சொல்லுக்கு இரண்டு சாட்சி வேண்டும். அதில் ஒருவர் அலுவலகத்து ஆளாக இருக்க வேண்டும். அவர் அந்தச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் தன் காதால் கேட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த வாக்கியத்தைக் கேட்டு வாங்கியிருக்கக் கூடாது. தானாக வந்து விழ வேண்டும்.

இந்த விதி ஒரு காய்கறிக்காரரால் வந்தது. முன்பு எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒருவர், நல்ல வியாபார நேரத்தில் அவரிடம் போய், கூடையின் அடிப்பக்கத்துக்கு என்ன பெயர் என்று விடாமல் நச்சரித்திருக்கிறார். ஆளை அனுப்பினால் போதும் என்று அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினார். அது இரண்டு பதிப்புகளில் அச்சாகிவிட்டது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் கட்டுரையில் எழுதுகிறார்கள். காய்கறிக்காரருக்கே அது என்னவென்று தெரியாது.

முற்றுப்புள்ளி அன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீங்க காதால கேட்டதா ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். அவ்வளவுதான்."

அந்த விதியை எழுதியவரே அவர்தான். அதை எனக்காக மீற வந்தார். பெரிய காரியம். ஆனால் என்னால் முடியவில்லை. பொய்ச் சாட்சியில் சொல் ஏறினால் அவள் பெயர் ஒரு பொய்க்குக் கீழே நிற்கும். அவளுக்கு அது பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். அவள் சிரித்திருப்பாள். எனக்குத்தான் பிடிக்கவில்லை. நானே போய்க் கேட்டு வருகிறேன் என்றேன். 'து' பக்கங்களை முடிந்தவரை நிறுத்தி வைப்பதாக அவர் சொன்னார். அச்சகத்துக்கு என்ன காரணம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அச்சகத்துக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முறைத்தார் என்பது மட்டும் தெரியும்.

அதனால் தினமும் காலையில் அலுவலகத்துக்கு முன் படகில் அக்கரைக்குப் போய்த் திரும்பினேன்.

நீண்ட படகு. குறுக்கே எட்டுப் பலகைகள். முன்னாலிருந்து ஒன்று, இரண்டு என்று எண். துடுப்புப் போடுபவர்கள் பலகைக்கு ஒருவராக, இடமும் வலமும் மாற்றி உட்காருவார்கள். நாலாம் பலகைக்கும் ஆறாம் பலகைக்கும் நடுவில் அகலமான இடம். அங்கே ஏறியவர்கள் தரையில் உட்காருவார்கள். அதன் ஓரத்தில் இருக்கும் ஐந்தாம் பலகைக்கு நிரந்தர ஆள் கிடையாது. காற்று இல்லாத நாளில் ஏழு பேரே போதும். ஐந்தின் துடுப்பு பலகைக்கு அடியில் கிடக்கும்.

படகைத் தள்ளுவதற்கு முன் எண்ணுவார்கள். பின்னால் இருக்கும் அண்ணன் தன் துடுப்பால் படகின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். முன்னாலிருந்து ஒவ்வொருவராகத் தங்கள் பலகையின் எண்ணைச் சொல்லுவார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஏழு, எட்டு. ஐந்தில் ஆள் இல்லாவிட்டால் அந்த எண் வராது. எந்தப் பக்கம் பலம் குறைகிறது என்று அண்ணனுக்கு அதிலிருந்து தெரிந்துவிடும். ஏறியவர்களை யாரும் எண்ணுவதில்லை.

என்னை அவர்களுக்குத் தெரியும். அவளை அக்கரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். அன்று இயந்திரப் படகு ஓடவில்லை. கரையில் காத்திருந்தவர்கள் யாரையும் ஏற்றாமல், அவளையும் என்னையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். காத்திருந்தவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒருவர் தன் சால்வையைக் கொடுத்தார். அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. யாருடையது என்று தெரியவில்லை.

என்னைத் தெரியும் என்பதுதான் சிக்கலாகிவிட்டது. நான் ஏறினால் படகே தேர்வு அறைபோல ஆகிவிடும். ஆறாம் பலகைக்காரருக்கு வானொலி என்று பட்டப்பெயர். வாயை மூடவே மாட்டார், அணைக்கப் பொத்தான் இல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர் என் முதுகுக்குப் பின்னால் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. ஒன்றாம் பலகையில் ஓர் அக்கா. அவரும் வானொலியும் பேசிப் பேசிச் சண்டை போடுவதைக் கேட்டுத்தான் அவளுக்குத் தினமும் பொழுது போயிருந்தது. அந்த அக்கா என்னைக் கண்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு தண்ணீரைப் பார்ப்பார். துக்கக்காரன் முன்னால் எப்படிச் சிரிப்பது என்று அவர்களுக்குத் தயக்கம். நான் கேட்கவும் கூடாது. கேட்டால் வாக்கியம் செல்லாது.

கரையிலும் முயன்றேன். படகைக் கட்டிவிட்டுத் தேநீர்க்கடைக்குப் போவார்கள். அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டேன். அங்கே கொஞ்சம் பேசினார்கள். வானொலி, மாமா, ஒல்லி, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். துழாவி என்று யாரும் யாரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடங்கள் வந்தன. புதிதாக ஒருவர், "நீங்க படகுல என்ன வேலை?" என்று ஒல்லியைக் கேட்டார். அவர், "துடுப்புப் போடுறேன்" என்றார். நான் செய்தித்தாளைத் திருப்பினேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒல்லி பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தார். நல்ல மனுஷன்.

இப்படியே நாட்கள் போயின. ஒரு கட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாதோ என்று நினைத்தேன். அண்ணன் ஒருமுறை விளையாட்டாகச் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டிருக்கலாம். அகராதிக்காரன் பெண்டாட்டி, ஒரு சொல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற ஆசை. அதில் தவறு இல்லை. ஆனால் அப்படியானால் அகராதியில் அவளுக்கு இடம் இல்லை.

முற்றுப்புள்ளி ஒரு வெள்ளிக்கிழமை வந்து என் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். திங்கட்கிழமைக்கு மேல் அச்சகம் காத்திருக்காது என்றார். "அவ்வளவுதான்" என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் போனார்.

திங்கட்கிழமை காலை எதிர்மாடிக் கொடியில் துணி விறைத்து நின்றது. ஒரு தலையணை உறை பிய்த்துக்கொண்டு பறந்தது. அத்தை என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இன்னிக்கு அந்தத் தண்ணியில போயே ஆகணுமா மாப்பிள்ள?"

ஆமாம் என்றேன். அவர் என் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். தான் தைத்த பையில் உலர்ந்த துண்டு ஒன்றை மடித்து வைத்துக் கொடுத்தார்.

படகில் ஏறியவர்கள் மூன்றே பேர். நான், ஒரு தகப்பனார், ஒரு கண்ணில் கட்டுப் போட்ட அவருடைய சின்ன மகள். அன்று கட்டுப் பிரிக்க வேண்டிய நாள். தகப்பனார் பதறினார். மகளுக்குப் பதற்றமே இல்லை. ஒற்றைக் கண்ணால் படகில் இருந்த எல்லோரையும் ஆராய்ந்தாள். வானொலியிடம் போய், நீங்கள்தான் நிறையப் பேசுவீர்களாமே, ஏன் பேசவில்லை என்று கேட்டாள். மருத்துவமனையில் கண்ணாடிக்கார அக்கா முன்பு சொன்னார்களாம். வானொலி என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

அண்ணன் விளிம்பில் தட்டினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஏழு, எட்டு. காற்றை ஒருமுறை பார்த்தார். ஐந்தை இன்று காலியாக விட முடியாது, யாராவது உட்காருங்கள் என்றார். தகப்பனார் மகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மிச்சம் நான். குனிந்து பலகைக்கு அடியிலிருந்து துடுப்பை எடுத்தேன். பிடியில் ஒரு துணி சுற்றியிருந்தது. எங்கள் வீட்டுத் தலையணை உறையின் கிழிசல். நீலப் பூப்போட்டது. கை வழுக்காமல் இருக்க அவள் சுற்றியிருக்க வேண்டும். யாரும் அதை அவிழ்க்கவில்லை.

எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது. முன்னால் இருப்பவரின் தோளைப் பார்த்துச் செய்தேன். பாதித் தண்ணீரை என் மடியிலேயே ஊற்றிக்கொண்டேன். வானொலிக்கு அது பொறுக்கவில்லை. ஏரியைக் காலி பண்ணுகிறாரா படகை ஓட்டுகிறாரா என்று முனகினார். அத்தனை நாளில் படகில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. ஒன்றாம் பலகை அக்கா திரும்பாமலே, அவன் முதல் நாள் படகையே கவிழ்த்தான், நீங்கள் பரவாயில்லை என்றார்.

ஆகாயத்தாமரைத் திட்டைத் தாண்டியதும் காற்று நேராக வந்து மோதியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிறுமி சிரித்தாள், தகப்பனார் அவள் வாயைப் பொத்தினார். பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"துழாவிங்க முட்டி போடுங்க. ஏறினவங்க படுத்துக்குங்க."

தகப்பனார் மகளோடு தரையில் படுத்தார். முன்னால் நான்கு பேர் பலகையை விட்டு இறங்கி முழங்காலிட்டார்கள். படகின் எடை கீழே போக வேண்டும் என்பதற்காக. நான் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கலாமா என்று பார்த்தேன். ஏறியவன்தானே நான். படுத்தால் சிறுமியின் கால்மேல் விழுவேன். அதனால் பலகையிலேயே உட்கார்ந்து குழம்பிக்கொண்டிருந்தேன்.

"அஞ்சுல, உங்களத்தான். கையில துடுப்ப வெச்சுக்கிட்டு என்ன யோசனை? துழாவிதானே நீங்க? முட்டி போடுங்க சார்."

முழங்காலிட்டேன். துடுப்பைப் போட்டேன். முன்னால் இருந்த தோளும் நானும் ஒரே நேரத்தில் குனிந்தோம், ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். வேறு எதையும் நினைக்கவில்லை. அவள் இறந்த பிறகு, எதையும் நினைக்காமல் ஆனால் விழித்துக்கொண்டு இருந்தது அப்போதுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பெரிய வீச்சு வந்து போனதும் அண்ணன் விளிம்பில் தட்டினார். எல்லோரும் இருக்கிறார்களா என்று மறுபடி எண்ணுகிறார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பிறகு அமைதி. வானொலி துடுப்பின் முனையால் என் முதுகில் குத்தினார்.

"அஞ்சு சார், அஞ்சு. வாயத் தொறங்க."

"அஞ்சு" என்றேன்.

ஆறு, ஏழு, எட்டு என்று பின்னால் போயிற்று.

அக்கரையில் இறங்கிச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சொல் வந்துவிட்டது. கேட்டு வாங்காமல், முழு வாக்கியத்தில், இரண்டு முறை. அதுவும் என்னைப் பார்த்து.

தேநீர்க்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தை கொடுத்த துண்டு எல்லோர் தலைக்கும் சுற்றி வந்தது. அண்ணன், "சார், சூடா குடிங்க" என்றார். கரையில் நான் மறுபடி சார். இப்போது கேட்டாலும் விதி மீறாது என்பதால் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பெரிய சண்டையாகிவிட்டது. பானையில் கரண்டியால் துழாவுவதும் இதுவும் ஒரே கை, அதனால் அங்கிருந்து வந்தது என்றார் அண்ணன். மூடுபனியில் கரையைத் துழாவித் துழாவிப் போனவர்கள் தங்கள் ஆட்கள், அதனால்தான் என்றார் ஒல்லி. அண்ணன் காசு கொடுக்க வேண்டிய நேரத்தில் சட்டைப் பையைத் துழாவுவதிலிருந்துதான் வந்திருக்கும் என்றார் வானொலி. பெஞ்சே குலுங்கியது. நானும் சிரித்தேன். நான் சிரித்ததும் அவர்கள் ஒரு நொடி நிறுத்தினார்கள். பிறகு அதிகமாகச் சிரித்தார்கள்.

"எங்கம்மாவக் கேட்டா தெரியும். அடுப்பும் படகும் ரெண்டுமே அவதான் பாத்தா" என்றார் அக்கா. "ஆனா கோவக்காரி. வேலை பாக்கிறப்ப கேட்டா, 'பேரு என்னடி பேரு'ன்னு கரண்டியாலேயே போடுவா."

ஈரச் சட்டையோடு அலுவலகம் போனேன். முற்றுப்புள்ளி வாக்கியத்தை இரண்டு முறை படித்தார்.

"துழாவிதானே நீங்கன்னு உங்களையா சொன்னாரு?"

"ஆமா சார்."

"நீங்க அகராதிக்காரராச்சே."

"அந்த நேரத்துல இல்ல."

அவர் பேனாவை எடுத்து என் பழைய சீட்டில் 'தொழிலாளி' என்பதை அடித்தார். கொஞ்ச நேரம் யோசித்து எழுதினார். துழாவி, படகில் துடுப்புப் பிடித்திருக்கும் ஆள், பிடித்திருக்கும் வரை. 'துழாவு' என்னும் வினையிலிருந்து வந்தது. அந்த வினைக்கு, கிண்டுதல், துடுப்புப் போடுதல், தேடுதல் என்று எல்லாம் பொருள் உண்டு. இந்தச் சொல் அவற்றில் எதைப் பற்றிக்கொண்டு வந்தது என்று தெரியவில்லை. இவ்வளவும் எழுதிவிட்டுக் கீழே சிறிய எழுத்தில் அவள் பெயரை எழுதினார். பிழை இல்லாமல் எழுதினார். அவள் பெயரில் எல்லோரும் ஒரு பிழை விடுவார்கள்.

"மொத சாட்சி அவங்க. நீங்க ரெண்டாவது. அவ்வளவுதான்" என்றார்.

அச்சகத்துக்குத் தானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மாலை வீட்டில் அத்தை மெஷினை நிறுத்திவிட்டு, பக்கத்தின் நகலைக் கண்ணருகே வைத்துப் படித்தார். மகள் பெயரை விரலால் தொட்டார். பிறகு, இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டார்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் பல பதிப்புகள் உண்டு. "அம்மா" என்றாள் என்று உறவுக்காரர்கள் அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று அவள் சித்தப்பா எல்லோரிடமும் சொன்னார். நான் எதையும் மறுத்ததில்லை. அவர்களுக்கு அது தேவையாக இருந்தது. அத்தை கேட்டது, "நெசமா என்ன சொன்னா மாப்பிள்ள?" என்று.

சொன்னேன். அன்று காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தலை வலிக்கிறது என்றாள், பிறகு விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்று பின்னால் சொன்னார்கள். படகில் நாலாம் பலகைக்கும் ஆறாம் பலகைக்கும் நடுவில் படுக்க வைத்தோம். தலை என் மடியில். அவள் கை பலகைக்கு அடியில் போய், துணி சுற்றிய துடுப்பின் பிடியைப் பற்றிக்கொண்டது. ஏதோ பிடிமானத்துக்கு என்று நினைத்தேன். அண்ணன் விளிம்பில் தட்டினார். எண்ணினார்கள். நாலு, ஆறு என்று போய் எட்டில் முடிந்தது. அப்போது அவள் கண்ணைத் திறந்து ஒன்று சொன்னாள். யாரும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அண்ணன் மறுபடி தட்டினார். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்கள். நாலுக்குப் பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். அதற்குள் அவள் கண் மூடியிருந்தது. பின்னாலிருந்து அண்ணன் அவளுக்காக "அஞ்சு" என்றார். வானொலி "ஆறு" என்றார். அதன் பிறகுதான் படகைத் தள்ளினார்கள்.

அத்தை அந்தப் பக்கத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, அவள் அப்படித்தான், பந்தியில் இலை போடும்போதும் தன்னை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவாள் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினில் நூல் கோத்தார்.

முதல் தடவை எண்ணி முடித்தபோது, துடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னது இதுதான்:

"அண்ணே, அஞ்சு இருக்கேன். விட்டுட்டு எண்ணாதீங்க."